கொதிக்கும் ஊற்றின் கரையில்

கேள்வி: மணிகரண் குருத்வாராவுக்குச் சீக்கியர் அல்லாதவர்களும் போகலாமா? வெந்நீர் ஊற்றில் குளிக்க முடியுமா?

பதில்: தாராளமாகப் போகலாம். இமாச்சலப் பிரதேசத்தின் குலு மாவட்டத்தில், கசோலைத் தாண்டி 4 கிலோமீட்டரில், பார்வதி ஆற்றங்கரையில் இருக்கிறது. குருநானக் தம் சீடர் மர்தானாவோடு இங்கே வந்தார் என்பது சீக்கியர் நம்பிக்கை. பக்கத்திலேயே சிவன் கோவிலும் உண்டு.

செருப்பைக் கழற்றிவிட்டு, தலையைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். ஊற்று கொதித்துக்கொண்டிருக்கும், குழந்தைகளின் கையை விடாதீர்கள். அதில் அரிசியை முடிந்துவைத்த துணி மூட்டைகள் தொங்கும், சோறு அப்படியே வெந்துவிடும்! குளிக்க, சூடு தணித்த நீர் நிரம்பிய குளங்கள் உண்டு; பெண்களுக்குத் தனி இடம்.

எல்லாருக்கும் இலவசமாக உணவு தரும் குருத்வாராவின் பொதுச் சமையற்கூடமான லங்கரில் சாப்பிடாமல் திரும்பாதீர்கள். எல்லாரோடும் தரையில் அமர்ந்து, ரொட்டியை இரு கைகளாலும் ஏந்தி வாங்குங்கள். முடிந்தால் சாப்பிட்டபின் பாத்திரம் கழுவவும் கைகொடுங்கள்.