உம்ரா, ஹஜ் பயணத்துக்கு ஏஜெண்டிடம் பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

 



நம் வீடுகளில் உம்ராவுக்கான பணம் எப்படிச் சேர்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வாப்பா ரிட்டயர்டு ஆனபோது வந்த பி.எஃப். பணம், உம்மா விற்ற வளையல், வளைகுடாவில் இருக்கும் மகன் தன் செலவைக் குறைத்து அனுப்பியது, கடையில் தினமும் நூறு, இருநூறு என்று தனியாக எடுத்து வைத்தது. இப்படிப் பல வருஷம் சேர்த்த பணத்தை ஒரே நாளில் ஒரு டிராவல்ஸில் கொண்டு போய்க் கட்டுகிறோம். ஒரு ஃப்ரிட்ஜ் வாங்க நாலு கடை ஏறி இறங்கி, வாரண்டி எத்தனை வருஷம் என்று கேட்கிற நாம், இங்கே எதுவும் கேட்பதில்லை. "நம்ம ஜமாஅத் ஆளுதானே, அல்லாஹ்வுடைய வீட்டுக்குப் போறதுல என்ன கேள்வி?" என்று சொல்லிவிடுகிறோம்.

இப்படிக் கேட்காமல் இருப்பது மார்க்கம் நமக்குச் சொல்லிக் கொடுத்ததா என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

கேட்பது தவக்குலுக்கு எதிரானதா?

யமன் நாட்டிலிருந்து சிலர் ஹஜ்ஜுக்கு வருவார்கள். வழிச் செலவுக்கு எதையும் கொண்டு வரமாட்டார்கள். நாங்கள் அல்லாஹ்வின் மேல் தவக்குல் வைத்தவர்கள் என்பார்கள். மக்கா வந்ததும் மக்களிடம் கையேந்துவார்கள். பயணத்துக்குத் தேவையானதைத் தயார் செய்துகொள்ளுங்கள் என்று கட்டளையிடும் அல்பகரா அத்தியாயத்தின் 197வது வசனம் இவர்கள் விஷயத்தில்தான் இறங்கியது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் சொன்னதாக புகாரியில் வருகிறது. ஹஜ் பயணத்தைப் பற்றிப் பேசும்போதே, தவக்குல் என்ற பெயரில் ஏற்பாடுகளில் அலட்சியமாக இருக்காதீர்கள் என்று குர்ஆன் நம்மைத் திருத்துகிறது. அந்தக் காலத்தில் ஏற்பாடு என்பது உணவும் வாகனமும். இன்றைக்கு அது விசா, ரசீது, ஹோட்டல், நல்ல ஏஜெண்ட்.

நபியவர்கள் வழிகாட்டியை அமர்த்திய விதம்

ஹிஜ்ரத் பயணத்தை நினைத்துப் பாருங்கள். குறைஷிகள் தலைக்கு 100 ஒட்டகம் விலை வைத்துத் தேடிய நேரம் அது. அந்தப் பயணத்துக்கு நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் கூலி பேசி ஒரு வழிகாட்டியை அமர்த்தினார்கள். அவர் பெயர் அப்துல்லாஹ் பின் உரைகித் என்று வரலாற்று ஆசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் சம்பவத்தை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் கூலிக்கு ஆள் அமர்த்துவது பற்றிய பாடத்திலும் கொண்டு வந்திருக்கிறார்கள். அதில் நமக்கு மூன்று விஷயங்கள் கிடைக்கின்றன.

ஒன்று, அவர் பாலைவன வழிகளில் கைதேர்ந்தவர். வேலை தெரிந்தவர்.

இரண்டு, அவர் நம்பகமானவர் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த நம்பிக்கையில்தான் தங்கள் ஒட்டகங்கள் இரண்டையும் அவர் கையில் ஒப்படைத்தார்கள்.

மூன்று, இடமும் நேரமும் பேசி முடிவு செய்யப்பட்டன. மூன்று இரவுகள் கழித்து, ஸவ்ர் குகைக்கு, ஒட்டகங்களோடு வர வேண்டும். அவரும் சொன்னபடி வந்து சேர்ந்தார்.

இதில் நாம் கவனிக்காமல் விடுகிற ஒரு விஷயம் இருக்கிறது. அவர் அப்போது முஸ்லிம் அல்ல. குறைஷிகளின் மார்க்கத்தில்தான் இருந்தார். வழி காட்டும் வேலைக்கு வழி தெரியுமா, ஆள் நாணயமானவரா என்பதைத்தான் பார்த்தார்கள். மூஸா (அலை) அவர்களை வேலைக்கு வைத்துக்கொள்ளும்படி தம் தகப்பனாரிடம் சொன்ன பெண்ணும், கஸஸ் அத்தியாயத்தின் 26வது வசனத்தில், இதே இரண்டு தகுதிகளைத்தான் சொல்கிறார்: வேலைக்கு ஏற்ற பலம், நம்பகத்தன்மை. நாமோ நோட்டீஸில் கஅபா படமும், தாடி வைத்த ஒருவர் படமும் இருந்தால் போதும் என்று நினைக்கிறோம்.

உமர் (ரலி) அவர்களின் மூன்று கேள்விகள்

உமர் (ரலி) அவர்களிடம் ஒருவர் இன்னொருவருக்காக நற்சான்று சொன்னார். நீ அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரனா, அவரோடு பயணம் போயிருக்கிறாயா, அவரிடம் காசு பணம் கொடுத்து வாங்கிப் பழகியிருக்கிறாயா என்று உமர் (ரலி) கேட்டார்கள். மூன்றுக்கும் இல்லை என்று பதில் வந்தது. அப்படியானால் பள்ளிவாசலில் அவர் தொழுவதை மட்டும்தான் பார்த்திருப்பாய், உனக்கு அவரைத் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள் என்று அறிவிக்கப்படுகிறது.

ஒரு ஏஜெண்டை விசாரிக்க இதைவிடச் சிறந்த முறை இல்லை. அவர் கடை வைத்திருக்கும் தெருவில் விசாரியுங்கள். போன வருஷம் அவரோடு உம்ரா போய் வந்த இரண்டு மூன்று குடும்பங்களைத் தேடிப் பேசுங்கள். அவர் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் நம்பர்களோடு நிறுத்தாமல் நீங்களாகவும் தேடுங்கள். பயணம் ரத்தானவர்களுக்குப் பணம் ஒழுங்காகத் திரும்பி வந்ததா என்று கேளுங்கள்.

ஏஜெண்டிடம் நேரில் கேட்க வேண்டியவை

ஃபிக்ஹு நூல்களில் 'இஜாரா' என்றொரு பாடம் உண்டு. கூலி எவ்வளவு, அதற்குப் பதிலாகக் கிடைப்பது என்ன என்ற இரண்டும் தெளிவாக இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. தெளிவில்லாத வியாபாரத்தை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்று முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறது. எனவே கீழே வரும் கேள்விகளைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

என்ன விசா? ஹஜ் விஷயத்தில் இதுதான் முதல் கேள்வி. இந்தியாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் போக இரண்டு வழிகள்தான். ஒன்று ஹஜ் கமிட்டி. மற்றொன்று மத்திய சிறுபான்மையினர் நல அமைச்சகத்தின் அனுமதி பெற்ற தனியார் நிறுவனங்கள். இந்த வருஷப் பட்டியலில் அந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். "விசிட் விசாவில் கூட்டிப் போய்விடுகிறேன், உள்ளே போனால் யாரும் கேட்க மாட்டார்கள்" என்று ஒருவர் சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். 2024 ஹஜ்ஜில் வெயில் 50 டிகிரியைத் தாண்டியது. அந்த ஹஜ்ஜில் 1,301 பேர் இறந்தார்கள் என்றும், அவர்களில் 83 சதவீதம் பேர் அனுமதி இல்லாமல் வந்தவர்கள் என்றும் சவூதி அரசு அறிவித்தது. தங்கக் கூடாரமோ நிழலோ இல்லாமல், வெயிலில் வெகுதூரம் நடந்தவர்கள் அவர்கள். வசதி இல்லாதவர் மீது அல்லாஹ் ஹஜ்ஜைக் கடமையாக்கவில்லை. அப்படியிருக்க, குறுக்கு வழியில் போய் உயிரை ஏன் ஆபத்தில் போட வேண்டும்?

எத்தனை இரவுகள்? "15 நாள் பேக்கேஜ்" என்றால் போகிற நாளும் வருகிற நாளும் அதில் சேர்ந்ததா? மக்காவில் எத்தனை இரவு, மதீனாவில் எத்தனை இரவு? முதலில் எந்த ஊர்? இது அமலோடு சம்பந்தப்பட்ட கேள்வி. முதலில் மதீனா போனால், பிறகு மக்கா புறப்படும்போது துல்ஹுலைஃபாவில் இஹ்ராம் கட்டலாம். நேராக மக்கா போவதானால், விமானம் மீகாத் எல்லையைக் கடக்கும் முன்பே இஹ்ராமில் இருக்க வேண்டும்.

எந்த ஹோட்டல்? "ஹரமுக்குப் பக்கத்தில்" என்ற பதிலோடு திருப்தி அடையாதீர்கள். ஹோட்டலின் பெயரை எழுதி வாங்கி, போனில் மேப் திறந்து, நடக்கும் தூரத்தைப் பாருங்கள். ஏற்றமா, சமதரையா? மூட்டு வலி உள்ள உம்மாவுக்கு அஜ்யாத் பக்கம் ஏறி இறங்குவது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். அஸீஸிய்யாவில் ரூம் என்றால் ஹரமுக்கு வர பஸ் வேண்டும். ஐந்து வேளையும் பஸ் உண்டா? ஒரு ரூமில் எத்தனை பேர்? சொன்ன ஹோட்டல் கிடைக்காவிட்டால் மாற்றாக எது தருவார்?

பணத்தில் எதெல்லாம் அடக்கம்? ஜி.எஸ்.டி., டி.சி.எஸ். சேர்த்தா, தனியாகவா? மூன்று வேளைச் சாப்பாடா? ஸியாரத் பஸ், வீல் சேர், துணி துவைப்பது யார் செலவு? புறப்படும் நேரத்தில் டிக்கெட் விலை ஏறினால் யார் தலையில் விழும்?

கூட வரும் ஆலிம் யார்? நோட்டீஸில் பெயர் இருப்பவர் ஊரிலிருந்தே கூட வருகிறாரா, அல்லது அங்கே ஒருநாள் வந்து தலைகாட்டிவிட்டுப் போவாரா? ஒருவர் எத்தனை பேருக்கு வழிகாட்டுவார்? ரவ்ளாவுக்குள் போக நுஸுக் ஆப்பில் அனுமதி எடுக்க வேண்டும். வயதானவர்களுக்கு அதை யார் எடுத்துக் கொடுப்பார்? பெண்கள் மாதவிடாய் பற்றிய சந்தேகங்களை யாரிடம் கேட்பது? புறப்படும் முன் பயிற்சி வகுப்பு உண்டா?

எந்தக் கணக்கில் பணம் கட்டுவது? நிறுவனத்தின் பெயரில் உள்ள பேங்க் கணக்கிலேயே கட்டுங்கள், தனிநபர் கணக்கில் கட்டாதீர்கள். ரசீது வாங்குங்கள். உடம்பு முடியாமல் போனாலோ, வீட்டில் மௌத் ஆகிவிட்டாலோ எவ்வளவு திரும்பக் கிடைக்கும், எத்தனை நாளில் கிடைக்கும் என்பதை எழுதி வாங்குங்கள். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282வது வசனம், கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. எழுதித் தாருங்கள் என்று கேட்டால் சந்தேகப்படுகிறோம் என்று அர்த்தமில்லை, குர்ஆன் சொன்னபடி நடக்கிறோம் என்றுதான் அர்த்தம்.

எங்களிடமும் கேளுங்கள்

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அதை எங்களைப் போன்ற இமாம்களிடம் கேட்க வேண்டும். இத்தனை பேரைச் சேர்த்துவிட்டால் ஒரு சீட் இலவசம், ஆளுக்கு இவ்வளவு கமிஷன் என்ற வழக்கம் இந்தத் தொழிலில் இருக்கிறது. ஆள் சேர்க்கும் உழைப்புக்குக் கூலி வாங்குவது ஹராம் அல்ல. ஆனால் ஆலோசனை கேட்டு வருபவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். "ஹஜ்ரத், இந்த டிராவல்ஸில் போகச் சொல்கிறீர்களே, இதில் உங்களுக்கு ஏதாவது உண்டா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்டதற்காக எந்த ஆலிமும் கோபப்படக் கூடாது. ஆலோசனை கேட்கப்படுபவரிடம் ஒரு அமானிதம் ஒப்படைக்கப்படுகிறது என்பது நபிமொழி.

நம் பக்கத்துக் கடமை

கேள்வி கேட்கும் உரிமை இருப்பதுபோல் நமக்குப் பொறுப்பும் இருக்கிறது. வயதையும் நோயையும் மறைக்காமல் சொல்லுங்கள். பேசிய பணத்தைத் தவணை தவறாமல் கட்டுங்கள். ஊர் திரும்பிய பிறகு சின்னக் குறைகளைப் பெரிதாக்கிப் பாக்கியை இழுத்தடிக்காதீர்கள். முழு வேலையையும் வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் சொல்லும் ஹதீஸ் குத்ஸி புகாரியில் இருக்கிறது.

பேசியபடி நடக்காமல் ஏமாற்றியிருந்தால், "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று வாய்மூடிப் போவது பொறுமை ஆகாது. அடுத்து ஏமாறப்போகிறவருக்கு அது நாம் செய்யும் அநீதி. முதலில் ஜமாஅத் பெரியவர்களை வைத்துப் பேசுங்கள். தீராவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருஷத்துக்குள் மனுக் கொடுக்கலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் அதற்குக் கட்டணம் கிடையாது. அங்கே பேசப்போவது உங்கள் கையில் இருக்கும் ரசீதுதான்.

சகோதரர்களே! நேர்மையாகத் தொழில் செய்யும் ஏஜெண்டுகள் நம்மிடம் நிறைய இருக்கிறார்கள். ஹாஜிகளுக்குப் பணிவிடை செய்வதை இபாதத்தாக நினைப்பவர்களும் இருக்கிறார்கள். நாம் கேட்கத் தொடங்கினால் அவர்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. கேள்விக்கு நேராகப் பதில் சொல்பவர் பக்கம் மக்கள் போவார்கள். பதில் சொல்ல முடியாதவர் ஒதுங்கிவிடுவார்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஹலாலான பொருளைக் கொண்டு, நல்லவர்களின் துணையோடு, ஏற்றுக்கொள்ளப்பட்ட உம்ராவையும் ஹஜ்ஜையும் நஸீபாக்குவானாக! நம்மிடம் ஒப்படைக்கப்படும் அமானிதங்களைப் பேணி நடக்கத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.