வினைமுற்றில் நிற்கும் பொறுப்பு

தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்பது மன உறுதியைச் சார்ந்தது என்றே பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆயினும் அந்த உறுதி இருக்கிறதா இல்லையா என்பதை முதலில் காட்டிவிடுவது, நடந்த தவறைச் சொல்லும்போது ஒருவர் தேர்ந்துகொள்ளும் வினைச்சொல்லே ஆகும். ‘உடைந்தது’, ‘உடைத்தேன்’ என்னும் இரண்டும் ஒரே பகுதியில் பிறந்தவை. முன்னதை இலக்கணம் செயப்படுபொருள் குன்றிய வினை என்கிறது, அதாவது ‘எதை’ என்னும் வினாவுக்கு இடம் தராத வினை. பின்னது செயப்படுபொருள் குன்றா வினை, அதாவது எதை உடைத்தாய் என்று கேட்க இடம் தருவது, இங்கே தன்மை விகுதி பெற்றுச் செய்தவரையும் தன்னுள்ளேயே காட்டி நிற்பது. சாவி ‘தொலைந்துவிட்டது’ என்பவரும் ‘தொலைத்துவிட்டேன்’ என்பவரும் ஒரே நிகழ்ச்சியைத்தான் சொல்கிறார்கள், ஆனால் முன்னவருடைய வாக்கியத்தில் சாவி மட்டுமே இருக்கிறது.

அலுவலகங்களில் மெமோவுக்கு எழுதப்படும் விளக்கங்களைப் படித்துப் பழகியவர்கள் இந்த வேறுபாட்டை நன்கறிவர். ‘பணிச்சுமை காரணமாகக் காலதாமதம் ஏற்பட்டுவிட்டது’, ‘பதிவேட்டில் பிழை நேர்ந்துள்ளது’ என்னும் தொடர்களில் சுமைக்கும் தாமதத்துக்கும் பிழைக்கும் இடமிருக்கிறது, எழுதியவருக்கு இடமில்லை. அனுபவம் கற்பிக்கும் எளிய வழி, இத்தகைய விளக்கத்தை எழுதி முடித்தபின் அதிலுள்ள வினைமுற்றுகளை மட்டும் தனியே எடுத்துப் பார்ப்பதாகும். ‘உடைத்தேன்’ என்பதில் உள்ள ‘ஏன்’ விகுதி ஓரிடத்திலும் வரவில்லை என்றால், மன்னிப்புச் சொற்கள் எத்தனை இருந்தாலும் அக்கடிதம் பொறுப்பேற்கவில்லை.

செய்தவரை மறைக்கும் வினையைத் தன்மைக்கு மாற்றும் திருத்தத்தை ஒருவர் தம் கைப்படவே செய்ததற்குச் சான்று உண்டு. இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கடற்கரையில் நேசநாட்டுப் படைகள் இறங்குவதற்கு முன், அவற்றின் தலைமைத் தளபதி ஐசனோவர், முயற்சி தோற்றால் வெளியிடுவதற்கென ஒரு சிறு குறிப்பைப் பென்சிலால் எழுதிவைத்தார். படைகள் திரும்பப் பெறப்பட்டுவிட்டன என்று செயப்பாட்டுவினையில், அதாவது செய்தவரைச் சொல்லாமலே செயலைச் சொல்ல இடம் தரும் வினையில், முதலில் எழுதிய அவர், அதை அடித்துவிட்டுப் படைகளைத் திரும்பப் பெற்றுவிட்டேன் என்று தன்மையில் மாற்றினார். வானிலையால் தாக்குதல் ஒருநாள் தள்ளிப்போயிருந்தது என்பதால் காரணம் காட்ட அவருக்கு வழியிருந்தது. குறிப்போ, தரைப்படையும் வான்படையும் கடற்படையும் தம் கடமையைச் செய்தன என்றும், குற்றம் ஏதேனும் இருந்தால் அது தம் ஒருவருடையதே என்றும் கூறுகிறது.

எனினும் தன்மை விகுதி மட்டும் போதாது. ‘எல்லாம் என் தவறுதான்’ என்று மொத்தமாகத் தலையில் போட்டுக்கொள்வதும் ஒருவகைத் தப்பித்தலே, ஏனெனில் எது தவறு என்று கேட்பதற்குள் கேட்பவரை அது இரக்கத்தால் வாயடைக்கச் செய்துவிடுகிறது. 1919இல் ஆங்கிலேய அரசின் ரௌலட் சட்டத்துக்கு எதிரான போராட்டம் வன்முறையாக மாறியபோது காந்தி தாம் செய்ததை இமயமலை அளவான தவறு என்று சொன்னது பலருக்கும் தெரியும்; தவறு எது என்பதையும் அவர் வரையறுத்துச் சொன்னார் என்பதே இங்கு மேலும் கருதத்தக்கது. சட்டங்களுக்கு மனமுவந்து கீழ்ப்படியும் பழக்கம் பெறாத மக்களை, சட்டத்தை மறுக்கும் போராட்டத்துக்கு உரிய காலத்துக்கு முன்பே அழைத்துவிட்டதே தம் பிழை என்று அவர் கண்டார். பிழை இவ்வாறு குறிப்பாகத் தெரிந்ததனால்தான் போராட்டத்தை நிறுத்தியதோடு நில்லாமல், சத்தியாக்கிரகத்தை மக்களுக்கு விளக்கும் தொண்டர்களைத் திரட்டும் பணியிலும் அவரால் இறங்க முடிந்தது.

வீட்டிலும் இதே முறை பயன்படுகிறது. பிள்ளையிடம் கடிந்து பேசிவிட்ட தந்தை ‘ஏதோ கோபம் வந்துவிட்டது’ என்று சொல்லும்போது கோபம் எங்கிருந்தோ வந்த விருந்தாளியாகிவிடுகிறது. ‘நீ சொல்ல வந்ததைக் கேட்காமலே திட்டிவிட்டேன்’ என்று சொல்லும்போது அடுத்தமுறை செய்ய வேண்டியது இன்னது என்பது இருவருக்கும் தெரிந்துவிடுகிறது. அதே வேளையில், மெய்யாகவே தானாக நிகழ்ந்தவற்றைக் குன்றிய வினையில் சொல்வதில் குறையேதும் இல்லை. மழையால் சரிந்த சுவருக்கு வீட்டுக்காரர் குற்றவாளி ஆகமாட்டார், விரிசலைக் கண்டும் விட்டுவைத்திருந்தாலன்றி.

பொறுப்பை எழுதிவைக்க மிகவும் ஏற்ற காலம் செயலுக்கு முன்னுள்ள காலமே, ஏனெனில் தோல்வி வந்தபின் எழுத உட்காரும் கைக்குச் சாக்குகள் தாமே கிடைத்துவிடும். பெரிய முடிவு எதையும் எடுக்கும் நாளில், அது தவறிப்போனால் தாம் சொல்லப்போகும் இரண்டு வரிகளை வாசகர்கள் ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். ஐசனோவரின் குறிப்பு வெளியிடப்படவே இல்லை. ஜூன் என்பதற்கு மாறாக ஜூலை 5 என்று தவறாகத் தேதியிடப்பட்ட அந்தத் தாள், அவர் அடித்து எழுதிய திருத்தத்தோடு இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது.