ஷூபர்ட்டின் ஐவர் இசை: சுரநிலையும் காலப்பிரமாணமும் மெய்ப்பாடும்

மேலை இசையைக் கேட்கத் தொடங்கும் மாணவர்க்கு முதலில் சொல்லித்தரப்படும் பாடம் ஒன்று உண்டு. மேஜர் என்றால் மகிழ்ச்சி, மைனர் என்றால் சோகம் என்பதே அது. நினைவில் நிறுத்த எளிதான இவ்விதி, பெரும் படைப்பு ஒன்றின் முன் நிற்கும்போது நமக்குத் துணைவருவதில்லை. ஃபிரான்ஸ் ஷூபர்ட் இயற்றிய சி மேஜர் ஐவர் இசை அத்தகைய படைப்பாகும்.

பெரிய வாத்தியக் குழுவும் நடத்துநரும் இன்றி, ஒரு பகுதிக்கு ஒருவராகச் சிலரே கூடி வாசிப்பதை மேலைநாட்டார் அறை இசை என்பர். இப்படைப்பில் இரண்டு வயலின், ஒரு வயோலா, இரண்டு செல்லோ ஆகியவை இடம்பெறுகின்றன. மொசார்ட் தம் நரம்பிசை ஐவர் படைப்புகளில் வயோலாவை இரட்டித்தார். ஷூபர்ட்டோ செல்லோவை இரட்டித்தார். அதனால் ஒரு செல்லோ அடித்தளத்தைத் தாங்க, மற்றொன்று மேலெழுந்து பாட முடிகிறது.

1828 அக்டோபர் 2 அன்று பதிப்பாளர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் ஷூபர்ட் இப்படைப்பைக் குறிப்பிட்டார். அவ்வாண்டு நவம்பர் 19 அன்று, தம் 31ஆம் வயதில் மறைந்தார். 1850இல்தான் இது வியன்னாவில் பொதுமேடை ஏறியது, 1853இல் அச்சாயிற்று.

இதன் புகழ்பெற்ற ஒலிப்பதிவுகளுள் ஒன்று 1952இல் தென்பிரான்சின் பிராத் நகரில் செய்யப்பட்டது. ஐசக் ஸ்டெர்ன், அலெக்சாண்டர் ஷ்னைடர், மில்டன் காட்டிம்ஸ், பாப்லோ கசால்ஸ், பால் டார்ட்டிலியே ஆகிய ஐவரும் அதில் வாசித்தனர். பிராங்கோ ஆட்சியை ஏற்க மறுத்து ஸ்பெயினை விட்டு வெளியேறிய கசால்ஸ் வாழ்ந்த ஊர் அது. இப்பதிவைக் கேட்பவர் கவனிக்க வேண்டியவை மூன்று.

சுரநிலை

மேஜருக்கும் மைனருக்கும் உள்ள தலையாய வேறுபாடு காந்தாரத்தில் உள்ளது. மேஜரில் அந்தர காந்தாரம். மைனரில் சாதாரண காந்தாரம். சி மேஜரின் சுரவரிசை நம் சங்கராபரணத்தின் சுரவரிசையே. ஆயின் ஷூபர்ட் வெறும் மேஜரையும் மைனரையும் மாற்றி மாற்றி வைக்கவில்லை. ஆதார சுரத்தையே அரைச்சுரம் மேலே தள்ளுகிறார். இரண்டாம் பகுதி இ மேஜரில் தொடங்குகிறது. அதன் நடுவே இசை அடுத்த சுரத்தானமான எஃப்பிற்கு ஏறி, மைனராகவும் மாறுகிறது. மூன்றாம் பகுதி சி மேஜரில் துள்ளியோடுகிறது. அதன் நடுப்பகுதியோ அரைச்சுரம் மேலே, டி ஃபிளாட் மேஜரில் அமைகிறது. பன்னிரு சுரத்தானங்களில் இவை அடுத்தடுத்த வீடுகள். ஆனால் பொதுவான சுரங்கள் குறைவாதலால், மேலை இசையில் தூரத்து உறவினர். அதனால்தான் அந்த மாற்றம் கேட்பவரைத் திடுக்கிட வைக்கிறது.

காலப்பிரமாணம்

முதற்பகுதிக்கு ஷூபர்ட் இட்ட குறிப்பு 'விரைவு, ஆனால் மிகையாக அன்று' என்பது. எனினும் தொடக்கத்தில் நீண்ட ஒலிகளே வருவதால், கேட்பவர்க்குத் தாளம் உடனே பிடிபடுவதில்லை. எழுதிய வேகம் ஒன்று, உணரும் வேகம் மற்றொன்று. அமைதியாகத் தொடங்கும் சி மேஜர் ஒலி, மூன்றாம் ஆவர்த்தத்திலேயே வீங்கி முரணொலியாகிறது. மகிழ்ச்சி என்று நாம் பெயரிடுமுன் அது கலைந்துவிடுகிறது!

இரண்டாம் பகுதிக்கு 'அடாஜியோ', அதாவது மெதுவான காலம். மெட்ரோனோம் எண் எதையும் ஷூபர்ட் தரவில்லை; எவ்வளவு மெதுவாக என்பது வாசிப்பவர் பொறுப்பு. நடுவிலுள்ள மூன்று கருவிகள் நீண்ட ஒலிகளைத் தாங்குகின்றன. முதல் வயலின் மேலே சிறு சிறு சொற்கட்டுகளைப் பேசுகிறது. இரண்டாம் செல்லோ கீழே விரலால் மீட்டி விடையளிக்கிறது. காலம் விரைந்தால் இடையிலுள்ள மௌனம் போய்விடும். அளவு கடந்து தாழ்ந்தால் வில் தளர்ந்து ஒலி அறுந்துவிடும். ஐவரும் ஒரே மூச்சில் இருந்தாலன்றி இப்பகுதி நிற்காது. நடத்துநர் இல்லாத இசையில் அந்த மூச்சைச் செவியால் மட்டுமே காக்க வேண்டும்.

மெய்ப்பாடு

அடாஜியோவின் மெய்ப்பாடு யாது? மேஜரில் அமைந்தும் உவகை அன்று; அவலம் என்று சொல்லவும் நா எழாது. எஃப் மைனர் கொந்தளிப்பு அடங்கி இ மேஜர் மீளும்போது, முன்பிருந்த அமைதி அப்படியே மீள்வதில்லை. முதல் வயலினும் இரண்டாம் செல்லோவும் ஓடும் சுரங்களால் அதைச் சூழ்கின்றன. முடிவுக்குச் சற்றுமுன் எஃப் மைனர் ஒரு கணம் மின்னலென வந்து மறைகிறது. துயரம் தீர்ந்துவிடவில்லை, அடங்கியிருக்கிறது என்பதை அந்த ஒரு கணம் காட்டிவிடுகிறது.

இதனை ஷூபர்ட்டின் மரண முன்னறிவு என்பாரும் உளர். அவர் வாழ்க்கையை அறிந்தமையால் நாம் ஏற்றும் பொருள் அது. மைனர் என்றால் சோகம் என்னும் விதியைப் போலவே, இதுவும் செவிக்கு ஓய்வு கொடுத்துவிடும் எளிய வழியாகும். மெய்ப்பாட்டைச் சுரநிலையின் பெயரிலோ ஆசிரியர் வரலாற்றிலோ தேடாமல், ஒரு சுரநிலைக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட அந்த அரைச்சுரத் தாவலிலும், அதைத் தாங்கும் காலப்பிரமாணத்திலும் தேடுவதே முறை.

மாணவர்கள் இப்பகுதியை மூன்றுமுறை கேட்டல் நலம். முதன்முறை இரண்டாம் செல்லோவை மட்டும் தொடர்க. அடுத்து நடுவிலுள்ள மூவரை. பின்னரே முதல் வயலினை. மேலே பாடுபவரைத் தாங்கி நிற்போர் யார் என்பது அப்போது விளங்கும்.

இறுதியாக நான்காம் பகுதியின் முடிவைச் செவிமடுக்க வேண்டும். நடன நடையில் விரைந்து செல்லும் இசை சி மேஜரில் முடிகிறது. ஆனால் ஐவரும் சி என்னும் கடைசிச் சுரத்தில் இறங்குமுன் டி ஃபிளாட்டைத் தொட்டுவிட்டே இறங்குகின்றனர். நம் வழக்கில் சொன்னால், சங்கராபரணத்துக்கு உரியதல்லாத சுத்த ரிஷபம் அது. முற்றுப்புள்ளி வைக்கும் இடத்திலும் அந்த அரைச்சுரத்தை ஷூபர்ட் விட்டுவிடவில்லை. இதனை ஒருமுறை கேட்டவர், மேஜர் என்றால் மகிழ்ச்சி என்று இனி அவ்வளவு எளிதாகச் சொல்லமாட்டார்.