கால் மில்லிமீட்டரில் கைநழுவும் பதக்கம்



2024 பாரிஸ் ஒலிம்பிக்கின்போது உங்கள் கைப்பேசிக்கு ஒரு படம் வந்திருக்கும். துருக்கி நாட்டைச் சேர்ந்த 51 வயது யூசுப் டிகெச், வலது கையில் கைத்துப்பாக்கியை நீட்டியபடி, இடது கையைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு நிற்கும் படம். 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிக் கலப்புக் குழுப் போட்டியில் அவரும் செவ்வால் தர்ஹானும் வெள்ளிப் பதக்கம் வென்றார்கள். அதே போட்டியில் இந்தியாவின் மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் வெண்கலம் பெற்றார்கள்.

தாப்பாவில் என் வகுப்பு மாணவர்கள் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "பத்து மீட்டர்தானே? அதில் என்ன சிரமம்?" பூப்பந்துத் திடலின் நீளம் 13.4 மீட்டர். அதைவிடக் குறைந்த தூரத்தில், அசையாமல் நிற்கும் அட்டையைச் சுடுவது எளிது என்றுதான் தோன்றும். உங்கள் இயற்பியல், கணிதப் பாடங்களைக் கொண்டே இதற்கு விடை காண்போம். பிறகு இன்னொரு கேள்வி: இவ்வளவு சிறிய கருவிக்குச் சட்டம் ஏன் இத்தனை கட்டுப்பாடுகளை விதிக்கிறது?

இலக்கின் அளவு

இலக்கு அட்டையில் பத்து வளையங்கள் உண்டு. நடுவில் உள்ள 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். உங்கள் சுண்டுவிரல் நகத்தின் அகலத்தை அளந்து பாருங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான். குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். குண்டின் விளிம்பு வட்டத்தின் கோட்டைத் தொட்டாலே 10 புள்ளி கிடைத்துவிடும். ஆக, குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து எவ்வளவு விலகலாம்?

வட்டத்தின் ஆரம் 5.75 + குண்டின் ஆரம் 2.25 = 8 மில்லிமீட்டர்.

தகுதிச் சுற்றில் 60 முறை சுட வேண்டும். நேரம் 1 மணி 15 நிமிடம். துப்பாக்கியை ஒரே கையில்தான் பிடிக்க வேண்டும். மணிக்கட்டுக்குத் தாங்கல் கூடாது. துப்பாக்கியின் எடை 1,500 கிராமைத் தாண்டக்கூடாது. விசையைக் குறைந்தது 500 கிராம் எடைக்கு ஈடான விசையுடன் இழுக்க வேண்டும். அதாவது சுமார் 4.9 நியூட்டன். எல்லாம் அளந்து பார்க்கப்பட்ட பிறகே வீரர் சுடுமிடத்திற்குள் போகலாம்.

பாயும்போதே விழும் குண்டு

காற்றுக் கைத்துப்பாக்கியில் வெடிமருந்து கிடையாது. சிறு உருளையில் அழுத்தி அடைக்கப்பட்ட காற்று விரிந்து, சுமார் அரை கிராம் எடையுள்ள ஈயக் குண்டைத் தள்ளுகிறது. குண்டு நொடிக்கு ஏறக்குறைய 150 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காவிட்டால்:

நேரம் = 10 ÷ 150 = 0.067 நொடி
வீழ்ச்சி = ½ × 9.8 × 0.067² = 0.022 மீட்டர்

அதாவது குண்டு இலக்கை அடைவதற்குள் 2.2 சென்டிமீட்டர் கீழே இறங்கிவிடுகிறது! இது 10 புள்ளி வட்டத்தின் விட்டத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. நேராகப் பிடித்துச் சுட்டால் குண்டு நடுவில் படாது. அதனால்தான் துப்பாக்கிக் குழல், பார்வைக் கோட்டைவிடச் சற்றே மேல்நோக்கி இருக்கும்படி குறிநோக்கிகளைச் சரிசெய்து வைக்கிறார்கள். மாமரத்தில் கல்லெறியும்போது உங்கள் கை தானாகச் செய்யும் திருத்தம்தான் இது.

கால் மில்லிமீட்டரின் கதை

துப்பாக்கியின் பின்புறத்தில் ஒரு சிறு பள்ளம். முன்புறத்தில் ஒரு சிறு முனை. பள்ளத்தின் நடுவில் முனை தெரிய வேண்டும். இரண்டுக்கும் இடையே சுமார் 320 மில்லிமீட்டர் தூரம் என்று கொள்வோம்.

இப்போது இரண்டு விதமான தவறுகளை ஒப்பிடுங்கள்.

முதலாவது: கை முழுவதும் 3 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்கிறது. ஆனால் முனையும் பள்ளமும் நேராகவே இருக்கின்றன. குழலின் திசை மாறவில்லை. ஆகவே குண்டும் 3 மில்லிமீட்டர்தான் விலகும். இன்னும் 10 புள்ளிதான்.

இரண்டாவது: கை அப்படியே இருக்கிறது. ஆனால் மணிக்கட்டு சற்றே திரும்பி, முனை பள்ளத்தின் நடுவிலிருந்து கால் மில்லிமீட்டர் விலகிவிடுகிறது. இங்கே வடிவொத்த முக்கோணங்கள் வேலை செய்கின்றன. 10,000 மில்லிமீட்டரை 320-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 31. துப்பாக்கியில் நேரும் பிழை, இலக்கில் 31 மடங்காகத் தெரியும். 0.25 × 31 = 7.75 மில்லிமீட்டர். 8 மில்லிமீட்டர் எல்லையை ஏறக்குறைய தொட்டாயிற்று!

கால் மில்லிமீட்டர் என்பது ஏறத்தாழ இரண்டு மூன்று தாள்களின் தடிமன். மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும், அதற்கு மேல் ஒரு தாள் அளவு பிசகினால் 10 போய் 9 ஆகிவிடும். விசையைச் சடாரென்று இழுக்காமல் மெல்ல மெல்ல, நேர் பின்னோக்கி அழுத்தும்படி பயிற்றுநர்கள் சொல்வது இதனால்தான். விரல் சற்றே கோணலாக இழுத்தாலும் குழலின் கோணம் மாறிவிடும்.

கண்ணால் முடியாத வேலை

இதை இப்போதே செய்து பாருங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துங்கள். அதன் பின்னால் சுவரில் நாள்காட்டி இருக்கட்டும். விரல் நகத்தைத் தெளிவாகப் பார்த்தால் நாள்காட்டி மங்கும். நாள்காட்டியைப் பார்த்தால் நகம் மங்கும். கண்ணின் வில்லை ஒரு நேரத்தில் ஒரு தூரத்துக்குத்தான் குவியும்.

சுடுபவருக்கோ மூன்று தூரங்கள்: பின் பள்ளம், முன் முனை, இலக்கு. அவர் எதைத் தெளிவாகப் பார்க்க வேண்டும்? பலரும் இலக்கு என்பார்கள். சரியான விடை, முன் முனை. மேலே போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள். இலக்கில் குறி 3 மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் பாதகமில்லை. முனை கால் மில்லிமீட்டர் தள்ளிப்போனால் புள்ளி போய்விடும். எனவே இலக்கு மங்கலாகத் தெரிந்தாலும் பரவாயில்லை என்று விட்டுவிடக் கற்றுக்கொள்ள வேண்டும்.

உடலை அடக்கும் கலை

ஒரு லிட்டர் தண்ணீர் நிரம்பிய போத்தலின் எடை சுமார் ஒரு கிலோ. போட்டித் துப்பாக்கியின் எடையும் ஏறத்தாழ அதுதான். போத்தலை ஒரு கையால் நீட்டிப் பிடித்து, அதன் மூடியைச் சுவரில் உள்ள ஒரு கோட்டோடு ஒப்பிடுங்கள். எத்தனை நொடியில் நடுங்கத் தொடங்குகிறது? பிறகு பத்து முறை படியேறி இறங்கிவிட்டு மீண்டும் பிடித்துப் பாருங்கள். மூச்சும் நாடித்துடிப்பும் கையை அசைப்பது கண்ணுக்கே தெரியும்.

டிகெச் கையைப் பையில் விட்டது பாவனைக்காக அன்று. சும்மா தொங்கும் கை ஆடினால் உடலின் ஈர்ப்பு மையமும் ஆடும். அதைப் பையிலோ இடுப்பு வாரிலோ நிறுத்திவைப்பது இந்த விளையாட்டில் பழைய வழக்கம்.

நாடித்துடிப்பைக் குறைக்கக் குறுக்கு வழி தேடியவர்களும் உண்டு. பீட்டா தடுப்பி எனப்படும் இதய நோய் மருந்துகள் துடிப்பையும் நடுக்கத்தையும் குறைக்கும். அதனாலேயே குறி சுடுதலில் அவை தடை செய்யப்பட்டுள்ளன. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஒரு வெள்ளியும் ஒரு வெண்கலமும் வென்ற வடகொரியாவின் கிம் ஜோங்-சு, இந்த வகை மருந்தைப் பயன்படுத்தியது தெரியவந்ததால் இரண்டையும் இழந்தார்.

நேர்வழியில் சாதித்தவர்களைத் தேடித் தூரம் போக வேண்டாம். நம் பேரா மாநிலத்தில் பிறந்த நூர் சூரியானி, 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாக 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் சுட்டார். நம் நாட்டின் அலியா சசானா, 2018 காமன்வெல்த் போட்டியில் 25 மீட்டர் கைத்துப்பாக்கிப் பிரிவில் வெண்கலம் வென்றார்.

5.6 ஜூல் ஆபத்தா?

குண்டின் இயக்க ஆற்றலைப் பார்ப்போம்.

½ × 0.0005 × 150² = 5.6 ஜூல்

அந்த ஒரு லிட்டர் போத்தலைத் தரையிலிருந்து 57 சென்டிமீட்டர் தூக்கும் ஆற்றல்தான் இது; மேசை உயரத்துக்குக்கூட வராது. இன்னொரு ஒப்பீடு: 2013-இல் நம் பூப்பந்து வீரர் தான் பூன் ஹியோங் அடித்த அடியின் வேகம் மணிக்கு 493 கிலோமீட்டர் எனப் பதிவானது. 5 கிராம் இறகுப் பந்துக்கு அது சுமார் 47 ஜூல். குண்டைப்போல் எட்டு மடங்கு!

அப்படியானால் பூப்பந்து மட்டைக்கு அல்லவா உரிமம் கேட்க வேண்டும்? இல்லை. இறகுகளைக் காற்று தடுப்பதால், பந்து சில மீட்டருக்குள் வேகத்தைப் பெரிதும் இழக்கிறது. பந்தின் அடிக்கட்டை 26 மில்லிமீட்டர் அகலம். அதன் பரப்பு குண்டின் பரப்பைப்போல் 33 மடங்கு. ஒரே விசை சிறிய பரப்பில் விழுந்தால் அழுத்தம் கூடும். இறகுப் பந்தும் கண்ணில் பட்டால் காயம்தான். ஆனால் 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு கண்ணைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்வை திரும்பாமலே போகலாம். ஆக, ஜூல் கணக்கு மட்டும் போதாது. அந்த ஆற்றல் எவ்வளவு இடத்தில் இறங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

சட்டம் போடும் கோடு

இந்தக் கோட்டை ஒவ்வொரு நாடும் ஒவ்வோர் இடத்தில் போடுகிறது. இங்கிலாந்தில் 8.1 ஜூல் வரை உள்ள காற்றுக் கைத்துப்பாக்கியைப் பெரியவர்கள் உரிமமின்றி வைத்திருக்கலாம். இந்தியாவில் 20 ஜூலுக்குக் குறைந்த சிறிய காற்றுத் துப்பாக்கிகளுக்கு உரிமம் தேவையில்லை. மலேசியாவின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமோ காற்றுத் துப்பாக்கியையும் ஆயுதமாகவே கருதுகிறது. உரிமமின்றி வைத்திருந்தால் ஏழு ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. அது நம் மாநிலத்தில் தொடங்கியது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் மரண தண்டனை என்ற நிலை வந்தது. பல தோட்டக் குடியிருப்புகள் முள்வேலிக்குள் கொண்டுவரப்பட்டன. உங்கள் வீட்டு மூத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்தக் காலத்துக் கதைகள் கிடைக்கும். அவசரகாலம் முடிந்தது 1960 ஜூலை 31-இல். ஆயுதச் சட்டமும் அதே ஆண்டின் சட்டம்.

விளையாட்டாகச் சுடுபவர்களின் குரலையும் கேட்க வேண்டும். 1996-இல் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில், உரிமம் பெற்ற கைத்துப்பாக்கிகளை வைத்திருந்த ஒருவன் 16 குழந்தைகளையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக் கொன்றான். மறு ஆண்டே பிரிட்டன் பெரும்பாலான கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தது. 25 மீட்டர் பிரிவு வீரர்கள் பயிற்சிக்கு வெளிநாடு போக வேண்டியதாயிற்று. "ஒருவன் செய்த கொடுமைக்கு விதிப்படி நடந்த நாங்கள் ஏன் இழக்க வேண்டும்?" என்பது அவர்கள் கேள்வி. "இழந்த பிள்ளைகளுக்கு முன் ஒரு விளையாட்டு பெரிதா?" என்பது பெற்றோர் பக்கத்துக் கேள்வி. அமெரிக்காவிலோ ஆயுதம் வைத்திருப்பதை 1791 முதல் அரசியலமைப்பே உரிமையாகச் சொல்கிறது. நம் நாட்டில் அது உரிமை அன்று. காவல் துறை நம்பிக்கையின் பேரில் தரும் அனுமதி. நம்பிக்கை கெட்டால் அனுமதியும் போகும்.

ஆகவே ஓர் எச்சரிக்கை. அசல்போலத் தோன்றும் போலித் துப்பாக்கிகளையும் நம் சட்டம் கண்டுகொள்ளாமல் விடுவதில்லை. இணையக் கடையில் "விளையாட்டுப் பொருள்" என்று போட்டிருப்பதை நம்பி வாங்கிவிடாதீர்கள். பொட்டலம் உங்கள் பெயருக்குத்தான் வரும். பதில் சொல்ல வேண்டியவர்களும் நீங்களும் உங்கள் பெற்றோரும்தான். உண்மையான ஆர்வம் இருந்தால், அனுமதி பெற்ற சங்கத்தின் சுடுமிடத்தில், பயிற்றுநரின் மேற்பார்வையில் தொடங்குங்கள். அங்கே முதலில் சொல்லித் தருவது சுடுவதை அன்று. துப்பாக்கியின் வாய் எப்போதும் இலக்கை நோக்கியே இருக்க வேண்டும், உத்தரவு வரும்வரை விரல் விசைக்குப் போகக்கூடாது, ஈயக் குண்டைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடக்கூடாது என்பவைதான் முதல் பாடங்கள்.

செய்து பாருங்கள்

1. குண்டின் எடை 0.5 கிராம், வேகம் நொடிக்கு 150 மீட்டர். உந்தம் என்ன? ஒரு கிலோ துப்பாக்கி எந்த வேகத்தில் பின்னோக்கி நகரும்?

2. குண்டின் வேகம் நொடிக்கு 120 மீட்டராகக் குறைந்தால், 10 மீட்டரில் வீழ்ச்சி எவ்வளவு?

3. முனைக்கும் பள்ளத்துக்கும் இடையே உள்ள தூரத்தை 320-லிருந்து 360 மில்லிமீட்டராகக் கூட்டினால், பிழை கூடுமா, குறையுமா? ஏன்?

விடைகள்: 1) 0.075 கிலோகிராம் மீட்டர்/நொடி, நொடிக்கு 7.5 சென்டிமீட்டர். 2) சுமார் 3.4 சென்டிமீட்டர். 3) குறையும், 31 மடங்கு 28 மடங்காகிவிடும். காரணத்தை ஒரு முக்கோணம் வரைந்து நீங்களே கண்டுபிடியுங்கள்.