பழைய டெஸ்க்டாப்புக்கு ரேம் போடலாமா? ரயில் ஏறுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!



போன வருஷம் மினி ப்ராஜெக்ட் நேரத்துல எங்க வீட்டு டெஸ்க்டாப் என்னைப் படுத்தின பாடு கொஞ்சநஞ்சம் இல்ல. அண்ணன் படிச்ச காலத்து மெஷின், 4 ஜிபி ரேம். ஆட்டோகேடைக் கிளிக் பண்ணிட்டு டீ குடிச்சிட்டே வரலாம். அப்பா சிப்காட்ல ஷிஃப்ட் பார்க்கிறவர். ஓவர்டைம் பணத்துல எடுத்து, "ரேம் வாங்கிக்கோ"ன்னு கொடுத்தார். கும்மிடிப்பூண்டியில ரயில் ஏறி, சென்ட்ரல்ல இறங்கி, ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கடையில "டிடிஆர்3 ரேம் ஒண்ணு கொடுங்கண்ணா"ன்னு கேட்டு வாங்கிட்டு வந்தேன். மாட்டினா டிஸ்ப்ளேயே வரல. அது ஏஎம்டி போர்டுக்கு மட்டும் ஒத்துவர்ற ரகம், எங்களுது இன்டெல். நானும் போர்டு பேரைச் சொல்லல, பில்லும் வாங்கல. பணம் போனது போனதுதான்.

நீங்க அந்தத் தப்பைச் செய்யாம இருக்கத்தான் இந்தக் கட்டுரை.

1. குறை ரேம்லதானா?

ரேம் என்பது வொர்க்‌ஷாப் மேஜை. ஹார்டு டிஸ்க் குடோன். மேஜை சின்னதா இருந்தா, ஒவ்வொரு சாமானுக்கும் குடோனுக்கு ஓடணும். ரேம் நிரம்பினதும் விண்டோஸ் டிஸ்க்கில் ஒரு பகுதியை ரேம் மாதிரி பயன்படுத்தும். அந்த ஓட்டம்தான் மெஷினை மந்தமாக்குது.

நீங்க வழக்கமா திறக்கிற எல்லாத்தையும் திறந்துட்டு, டாஸ்க் மேனேஜரைப் பாருங்க.

- மெமரி 85 சதவீதத்துக்கு மேல நின்னா: ரேம் போடுங்க, பலன் தெரியும்.
- மெமரி பாதிதான், ஆனா டிஸ்க் 100 சதவீதம்: ரேம் வேண்டாம், அந்தக் காசுக்கு எஸ்எஸ்டி வாங்குங்க.
- சிபியு 100 சதவீதம்: இரண்டுமே பெருசா உதவாது.

2. 32 பிட்டா, 64 பிட்டா?

32 பிட் முகவரியில 2-இன் அடுக்கு 32, அதாவது 429,49,67,296 பைட்தான் எண்ண முடியும். அது 4 ஜிபி. அதனால 32 பிட் விண்டோஸ்ல 8 ஜிபி மாட்டினாலும் 4 ஜிபிக்கு உள்ளதான் பயன்படும். முதல்ல 64 பிட் போடணும்.

இன்னொண்ணு: விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல முடிஞ்சது. ரேம் கூட்டினதால மட்டும் பழைய மெஷின் விண்டோஸ் 11-க்குத் தகுதி ஆகிடாது. அதுக்குப் புது ப்ராசஸரும் டிபிஎம் 2.0-வும் கேட்கும். லினக்ஸ் மின்ட் ஒரு நல்ல வழி. ஆனா ஆட்டோகேட் அதுல நேரடியா ஓடாது, யோசிச்சுக்கோங்க.

3. போர்டு எதை ஏத்துக்கும்?

சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டி, போர்டு மாடல், சிப்செட், ரேம் வகை மூணையும் எழுதிக்கோங்க. ஜி41 சிப்செட் அதிகபட்சம் 8 ஜிபி, எச்61 16 ஜிபி வரை ஏத்துக்கும். டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 பின். ஆனா நடுவுல இருக்கிற வெட்டு வேற இடத்துல இருக்கும். டிடிஆர்4-க்கு 288 பின். ஒண்ணோட ஸ்லாட்டுல இன்னொண்ணு உட்காராது. பலம் போட்டு அழுத்தினா ஸ்லாட்தான் உடையும்.

இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே அளவு ரேம் இருந்தா டூயல் சேனல் வேலை செய்யும். டிடிஆர்3-1600 ஒண்ணு நொடிக்கு 12.8 ஜிபி அனுப்பும். ஜோடியா இருந்தா 25.6 ஜிபி வரை. வேகம் வேறவேறயா இருந்தா, இரண்டும் மெதுவானதோட வேகத்துலதான் ஓடும்.

4. கடையில

திருவள்ளூர்ல ஏறினாலும் கும்மிடிப்பூண்டியில ஏறினாலும் சென்ட்ரல் போய் வர அரை நாள் போயிடும். அதனால பழைய ரேமைக் கழட்டிக் கையோட கொண்டு போங்க. "இன்டெல் போர்டு, இந்த மாடல்"னு முதல்லயே சொல்லுங்க. ஒத்துவரலைன்னா மாத்தித் தருவாங்களான்னு கேட்டு, அதைப் பில்லுலயே எழுதி வாங்குங்க.

5. மாட்டும்போது

பவர் கேபிளைப் பிடுங்கிட்டு, பவர் பட்டனை சில நொடி அழுத்திப் பிடிங்க. மிச்ச மின்சாரம் போயிடும். கேபினெட்டோட பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுட்டு வேலையைத் தொடங்குங்க. நமக்கு உறைக்காத ஸ்டாட்டிக் கூட சிப்பைக் காலி பண்ணும். எங்க ஏரியாவுல கேபினெட்டைத் திறந்தா கறுப்புத் தூசி படிஞ்சிருக்கும். ஸ்லாட்டை உலர்ந்த பிரஷ்ஷால சுத்தம் பண்ணுங்க. பழைய ரேமோட தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால மெதுவா தேச்சு, தூளைத் துடைச்சிடுங்க. வெட்டைப் பொருத்தி, இரு முனையும் "க்ளிக்"னு விழுற வரை அழுத்துங்க.

பீப் சத்தம் வந்தாலோ டிஸ்ப்ளே வரலைன்னாலோ பயப்படாதீங்க. ஒரு ரேமை மட்டும் ஒவ்வொரு ஸ்லாட்டா மாத்திப் பாருங்க. வேலை செஞ்சதும் விண்டோஸ் மெமரி டயக்னோஸ்டிக்கை ஒரு தடவை ஓட்டிடுங்க.

எங்க வீட்டு மெஷின்ல இப்போ இரண்டு 4 ஜிபி ஓடுது. இரண்டாவது தடவை போர்டு மாடலை எழுதிட்டுப் போனேன். என் ஸ்காலர்ஷிப் பணத்துல வாங்கினேன். அப்பாகிட்ட மறுபடி கேட்க மனசு வரல. அந்த மூணு வரியை முதல் தடவையே எழுதியிருந்தா, அவரோட ஓவர்டைம் பணம் வீணாகியிருக்காது.