தீப்புண்ணும் உதவி கேட்கும் பழக்கமும்

தனி ஒருவரால் இயலாததைப் பலர் கூடி முடித்தலே கூட்டுறவு. 1904-ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. வட்டிக்கடைக்கு மறைந்து சென்ற உழவரும் நெசவாளரும், அதன் பின்னரே தமது தேவையைச் சங்கத்தில் வெளிப்படையாகக் கேட்கப் பழகினர். பணத் தேவையில் கற்ற இப்பாடத்தை வீட்டு விபத்திலும் கைக்கொள்ளல் வேண்டும்.

சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கி நூறாண்டு கடந்துவிட்டது. இங்கு ஆலையில் நேரும் விபத்தை நாடே அறியும். அடுப்படியில் நேரும் தீப்புண்ணை அடுத்த வீடும் அறியாது. முந்தானையில் தீப் பற்றினாலும், கொதிக்கும் எண்ணெய் கவிழ்ந்தாலும், "இதற்கா ஊரைக் கூட்டுவது?" என்று அடக்கிக்கொள்ளும் தாய்மார் பலர். வீட்டில் வைத்துப் பட்டாசு வேலை செய்தவராயின் அச்சமும் சேர்ந்துகொள்ளும். உரிமமின்றி அவ்வேலை செய்தல் குற்றமே. அதைக் கைவிடுதலே முறை. ஆயினும் காயமுற்றவரை மறைத்து வைப்பது உயிரையே பணயம் வைப்பதாகும். எதனால் வெந்தது என்பதை மருத்துவரிடம் உள்ளபடி உரைத்தல் வேண்டும்.

தாமதம் ஏன் கேடு தரும்? தோல் பெரிதும் வெந்தால் இரத்தத்திலுள்ள நீர்ப்பொருள் கசிந்து வெளியேறும். முதற்சில மணி நேரங்களில் இக்கசிவு மிகுதி. தெளிவாகப் பேசுபவரும் பின்னர்ச் சோர்ந்துவிடக்கூடும். ஆழமாக வெந்த இடத்தில் நரம்பும் கெடுவதால் வலி தோன்றாது. ஆகவே வலியின்மை நலத்தின் அறிகுறியன்று.

செய்யத்தக்கவை:

1. ஆடையில் தீப் பற்றினால் ஓடலாகாது. தரையில் படுத்து உருளல் வேண்டும்.

2. வெந்த இடத்தில் 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீர் ஓடவிடுக. பனிக்கட்டி ஆகாது. உடலின் பெரும்பகுதி வெந்திருப்பின் நெடுநேரம் நனைத்தால் உடல் குளிர்ந்துவிடும். விரைந்து மருத்துவமனை சேர்த்தலே முதன்மை.

3. வீக்கம் காணுமுன் வளையல், மோதிரங்களைக் கழற்றுக. ஒட்டிய துணியைப் பிய்த்தெடுக்கலாகாது.

4. மை, மாவு, நெய், பற்பசை எதுவும் பூசலாகாது. தூய துணியால் தளர மூடுக. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் மருத்துவத் துணி நம் மாவட்டத்தின் பெருமை. அதில் ஒரு சுருள் ஒவ்வொரு வீட்டிலும் இருத்தல் நன்று.

காயம் உள்ளங்கையினும் பெரிதாயினும், முகம், கை, கால், மூட்டு ஆகியவற்றில் இருப்பினும், குழந்தை, முதியவர், கருவுற்றவர் ஆயினும், புகையை உட்கொண்டிருப்பினும் உடனே 108-ஐ அழைத்தல் வேண்டும். 2008 முதல் தமிழகத்தில் இவ்வூர்தி கட்டணமின்றி வருகிறது. ஊர், தெரு, அருகிலுள்ள அடையாளம், காயமுற்றவரின் நிலை ஆகிய நான்கையும் நிதானமாகச் சொல்லுக. தீயணைப்புக்கு 101, எரிவாயுக் கசிவுக்கு 1906.

உதவுவதற்கும் முறை உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நிகழ்ந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உதவ ஓடிச் சென்றவர்களும் அவர்களுள் அடங்குவர். வெடிமருந்து எரியும் இடத்தை அணுகாது, மக்களை விலக்கித் தீயணைப்போரை அழைப்பதே ஆங்கு செய்யத்தக்க பேருதவி.

அடுத்த சங்கக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் மூன்று வினாக்களை ஆராய்வாராக: நம் தெருவில் இரவிலும் தொலைபேசியுடன் உதவ வல்லவர் யார்? தீப்புண்ணுக்குச் சிகிச்சை தரும் அண்மை அரசு மருத்துவமனை எது? "எனக்கு உதவி வேண்டும்" என்று கூசாது சொல்ல நம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் பழகியுள்ளனரா? மூன்றாவதற்கு விடை இல்லையெனில், முன்னிரண்டும் பயன்படா.