ஷீல்டு கேபிள்: நம்புவதும் நடப்பதும்

கேபிள் வாங்கப் போகும் பலருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஷீல்டு போட்டது நல்ல கேபிள், போடாதது மட்டமான கேபிள். காசு கொஞ்சம் கூட ஆனாலும் ஷீல்டையே வாங்கிவிடுகிறார்கள். அந்தக் காசு பல இடங்களில் வீணாகத்தான் போகிறது. தேவையில்லாத இடத்தில் ஷீல்டு போடுவதும், தேவையான இடத்தில் அதைச் சரியாக எர்த் செய்யாமல் விடுவதும்தான் காரணம்.

"ஷீல்டு கேபிள் போட்டால் இன்டர்நெட் வேகம் கூடும்" என்ற நம்பிக்கையை முதலில் பார்ப்போம். வேகம் கூடாது. ஷீல்டு இல்லாத கேட் 6 கேபிளே 100 மீட்டர் தூரத்துக்கு 1 ஜிகாபிட்டைத் தாராளமாகத் தாங்கும். வீட்டுக்கும் சாதாரண அலுவலகத்துக்கும் அது போதும். அங்கே இரைச்சலைத் தடுப்பது ஜோடிக் கம்பிகளின் முறுக்கு. முறுக்கிய இரண்டு கம்பிகளிலும் வெளி இரைச்சல் ஏறக்குறைய ஒரே அளவில் ஏறும். மறுமுனையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால் இரைச்சல் கழிந்துவிடும். அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-லேயே முறுக்கிய ஜோடிக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆர்ஜே-45 பிளக்கைக் கிரிம்ப் செய்யும்போது இந்த முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது. கை வேலைக்கு வசதி என்று இரண்டு அங்குலம் பிரித்துவிட்டால், வெளியே எத்தனை ஷீல்டு இருந்தும் அந்த இழப்பு ஈடாகாது.

மோட்டார் டிரைவ்கள் ஓடும் தொழிற்சாலை, கட்டுக் கட்டாக 10 ஜிகாபிட் கேபிள்கள் நெருங்கிக் கிடக்கும் டேட்டா சென்டர் ஆகிய இடங்களில் ஷீல்டுக்கு வேலை உண்டு. கேட் 8 ஷீல்டோடுதான் வருகிறது. கேபிளின் மேலுறையில் அச்சிட்டிருப்பதைப் படித்தாலே எந்த ரகம் என்று தெரிந்துவிடும். சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது மொத்தக் கேபிளுக்கும் போட்ட உறை, பின்னால் இருப்பது ஒவ்வொரு ஜோடிக்கும் போட்டது. 'எஃப்' என்றால் ஃபாயில், 'எஸ்' என்றால் பின்னல், 'யு' என்றால் ஒன்றுமில்லை, 'டிபி' என்றால் முறுக்கிய ஜோடி. ஆக எஸ்/எஃப்டிபி என்பது ஜோடிக்கு ஜோடி ஃபாயில் சுற்றி, எல்லாவற்றுக்கும் மேலே பின்னல் போட்டது.

"ஃபாயில் இடைவெளியே இல்லாமல் மூடுகிறது, அதனால் பின்னலைவிட அதுதான் மேல்" என்பது அடுத்தது. பாதி உண்மை. ஃபாயில் முழுவதும் மூடும், ஆனால் மெல்லியது, மின்தடை அதிகம். செம்புப் பின்னலில் கண்கள் உண்டு. பொதுவாக 70 முதல் 95 சதவீதம்தான் மூடும். ஆனால் மின்தடை குறைவு, வளைத்தாலும் சீக்கிரம் கிழியாது. உயர் அதிர்வெண்ணில் ஃபாயிலும், தாழ்ந்த அதிர்வெண்ணில் பின்னலும் கை கொடுக்கும். டிஷ் ஆன்டெனாவுக்குப் போடும் ஆர்ஜி-6 கேபிளில் இரண்டும் சேர்ந்தே இருப்பது அதனால்தான். மூன்றாவது ரகம் சுருள். ஒரே திசையில் கம்பிகளைச் சுற்றியிருப்பார்கள். நன்றாக வளையும் என்பதால் மைக், கிட்டார் கேபிள்களுக்கு ஏற்றது. உயர் அதிர்வெண்ணுக்கு உதவாது.

ஆனால் இவற்றில் எதுவுமே கரன்ட் வயரைச் சுற்றி உண்டாகும் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தைத் தடுக்காது. அந்த அதிர்வெண்ணில் காந்தப்புலம் செம்புக்குள் நுழைந்து குறைவதற்கே சுமார் 9 மில்லிமீட்டர் தடிமன் வேண்டும். ஃபாயிலின் தடிமனோ மில்லிமீட்டரில் சிறு பங்குதான். அதற்கு மருந்து முறுக்கும் தூரமும்தான். டேட்டா கேபிளைக் கரன்ட் வயரோடு ஒட்டி ஓட்டாதீர்கள். குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் செங்குத்தாகக் கடத்துங்கள்.

"ஷீல்டு இருந்தால் போதும், அது தானே காக்கும்." அதிகக் கெடுதல் செய்யும் நம்பிக்கை இதுதான். ஃபாயில் கேபிளின் உறையைச் சீவிப் பாருங்கள். ஃபாயிலின் ஒரு பக்கம் அலுமினியம், மறுபக்கம் பாலியெஸ்டர் படலம். அலுமினியப் பக்கத்தை ஒட்டியே வெள்ளீயம் பூசிய ஒரு வெறும் செம்புக் கம்பி ஓடும். அதுதான் ட்ரெயின் வயர். ஃபாயிலை எர்த்தோடு சேர்க்கும் வழி அது. "இது எதுக்கு?" என்று அதை வெட்டி எறிந்துவிடும் வேலையைப் பல இடங்களில் பார்க்கலாம். எங்கும் சேராமல் தொங்கும் ஷீல்டு, இரைச்சலைத் தான் வாங்கி உள்ளே இருக்கும் கம்பிக்கே கடத்தும். அதற்கு ஷீல்டு இல்லாத கேபிளே தேவலை.

எர்த்தை ஒரு முனையில் கொடுப்பதா, இரண்டிலுமா என்பதற்கு ஒரே விடை கிடையாது. ஆடியோ, தெர்மோகப்பிள் போன்ற மெல்லிய, தாழ்ந்த அதிர்வெண் சிக்னலுக்குப் பெரும்பாலும் ஒரு முனை. இரண்டிலும் கொடுத்தால் இரு எர்த்துகளுக்கும் இடையிலுள்ள சிறு வோல்டேஜ் வித்தியாசம் ஷீல்டில் மின்னோட்டமாக ஓடி ஹம்மிங் எழுப்பும். டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் கேபிளுக்கு இரண்டு முனையிலும் கொடுத்தாக வேண்டும். அதுவும் பின்னலைச் சுற்றிலும் பிடிக்கும் கிளாண்டு அல்லது கிளாம்ப் வழியாக. பின்னலை வாலாக முறுக்கித் திருகில் மாட்டுவது பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் 5 சென்டிமீட்டர் வால் 30 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 10 ஓம் தடையாகிவிடும். அவ்வளவு தடை இருந்தால் ஷீல்டின் பயன் பெரும்பகுதி போய்விடும்.

ஆர்மர்ட் கேபிளை ஷீல்டு கேபிள் என்று சொல்வதும் தவறு. அதில் சுற்றியிருக்கும் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பிகள் மண்வெட்டிக்கும் அழுத்தத்துக்கும் போட்ட கவசம். இரைச்சலை ஓரளவு தடுக்கலாம், ஆனால் அதை நம்பிச் சிக்னல் ஓட்ட முடியாது. 11 கிலோவோல்ட் கேபிளில் இருக்கும் செம்பு ஸ்கிரீன் இன்னொரு வகை. காப்புப் பொருளுக்குள் மின்புலம் ஓரிடத்தில் குவியாமல் சீராகப் பரவவும், பழுது வந்தால் மின்னோட்டம் எர்த்துக்குப் போகவும் அது இருக்கிறது.

கடைசியாக, உயிர் சம்பந்தப்பட்ட ஒன்று. மைக் செட்டில் ஹம்மிங் வந்தால் ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடும் பழக்கம் இருக்கிறது. இரைச்சல் நிற்கும், உண்மைதான். ஆனால் உள்ளே ஏதாவது ஷார்ட் ஆனால் பெட்டியின் உலோக உடலிலும் மைக்கின் உடலிலும் 230 வோல்ட் வந்து நிற்கும். மைக்கைப் பிடித்திருப்பவர் கதி என்ன ஆகும்? தயவுசெய்து எர்த் பின்னைத் தொடாதீர்கள். சிக்னல் கேபிளின் ஷீல்டை ஒரு முனையில் மட்டும் விடுவியுங்கள், அல்லது ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். ஹம்மிங் அதிலேயே நிற்கும்.